மூன்றாவது தோள்பட்டை எலும்பு

அம்மா வீட்டைவிட்டுப் போய் ஆறு ஆண்டுகளும் ஒன்பது நாட்களும் ஆகியிருந்தன. தாத்தாவை அடக்கம் செய்வதற்கு முந்தைய இரவு போனாள். எவனோடோ தெற்கே கவ்ஷியுங் நகரத்துக்கு ஓடிவிட்டாள் என்று அப்பா சொன்னார். என்றாவது கூப்பிடுவாள் என்று நான் இன்னும் என் தொலைபேசி எண்ணை மாற்றவில்லை.

புதைத்துச் சில ஆண்டுகளானதும், எங்கள் வழக்கப்படி, தாத்தாவின் எலும்புகளைத் தோண்டியெடுத்துச் சாடியில் வைக்க வேண்டும்; அதை அப்பா தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். இந்த ஆண்டு, மலைச்சரிவுக் கல்லறைகளை எல்லாம் அகற்றும்படி நகராட்சி சொல்லிவிட்டது.

எலும்பு எடுக்கும் தொழில் செய்யும் ஹோங், பாக்கை மென்றபடி, தோண்டிய குழிக்குள் இறங்கிச் சவப்பெட்டியின் மூடியைத் தட்டினார்.

"பெரியவரே, எந்திரிங்க! புது வீட்டுக்குப் போறோம். இத்தன வருஷம் படுத்தது போதாதா?"

எலும்பில் வெயில் படக் கூடாது. நான் கறுப்புக் குடையை விரித்துப் பிடித்தேன். ஆணிகள் கிறீச்சிட்டு வந்தன. ஈர மண் வாசனை. அதனோடு, அப்பாவின் முதுகில் ஒட்டியிருந்த வலிப்பட்டையின் கற்பூர நெடி. அவருக்கு இடது தோள்பட்டையில் வலி. தாத்தாவின் அடக்கத்தன்று தொடங்கியது. எந்த வைத்தியருக்கும் காரணம் பிடிபடவில்லை.

ஹோங் எலும்புகளைக் காகிதத்தில் பரப்பினார், பாதத்திலிருந்து தலைக்கு. நான் பிசியோதெரபி படித்தவள். என்னையறியாமல் கண் அடையாளம் கண்டது. விலா. காறை எலும்பு இரண்டு. தோள்பட்டை எலும்பு, வலது. இடது.

இன்னொரு இடது.

சிறியது. முதுகுப்பக்க மேட்டுக்குக் கீழே, காகிதம்போல் மெலிந்த இடத்தில், நேரான ஒரு பிளவு. கத்தி நுழையும் அகலம்.

"ஏதோ மாட்டெலும்பு. தூக்கிப் போடுங்க," என்றார் அப்பா.

"ஆணியடிச்ச பெட்டிக்குள்ள மாடு எப்படிங்க நுழையும்?" ஹோங் சிரித்தார்.

அப்பா அதைப் பிடுங்கிப் புதருக்குள் எறிந்தார்.

நான் திரும்பியபோது அது மறுபடியும் காகிதத்தில் இருந்தது. குடை நிழலின் நடுவில்.

ஹோங் மெல்லுவதை நிறுத்தினார்.

அப்பாவின் இடது கை துவண்டு தொங்கியது. சட்டையின் முதுகில், எலும்பில் பிளவு இருந்த அதே இடத்தில், ஒரு சிவப்புப் புள்ளி தோன்றி நேர்கோடாக நீண்டது.

குழிக்குள், காலிப் பெட்டியின் அடிப்பலகையை யாரோ தட்டினார்கள். ஹோங் மூடியைத் தட்டியதைப் போலவே.

"அப்பா," என்றேன். "இது யாரோடது?"

அவர் முழங்காலில் விழுந்து, குழியையே வெறித்தார்.

"உங்கம்மாவப் பெட்டிக்கு அடியிலதானே புதைச்சேன்... இவ எப்படி உள்ள வந்தா?"