வெள்ளைப் பெட்டியின் சின்னத் துளை

மணி அடித்தால் ஓட வேண்டும். பெரிய லீவில் ஜின்சிக்கு வாய்த்த வேலை அதுதான்.

சூரியநெல்லிக்குப் போகும் ரோட்டுக்குக் கீழே, தேயிலைச் சரிவில் இரண்டு லயங்கள் இருந்தன. மேல் லயத்தில் ஐந்து வீடு, கீழ் லயத்தில் ஐந்து வீடு. நடுவில் முப்பத்தெட்டுப் படி. அந்தப் பள்ளத்தில் செல்போனுக்குச் சிக்னல் கிடையாது. மேல் லயத்தில் ஜின்சி வீட்டில் மட்டும் இன்டர்நெட் கேபிளும், அதோடு வந்த ஒரு சிவப்புப் போனும் இருந்தன. பத்து வீட்டாரும் அந்த நம்பரைத்தான் பேங்கிலும் பள்ளிக்கூடத்திலும் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

யாருக்குப் போன் வந்தாலும் ஜின்சிதான் போய்க் கூப்பிட வேண்டும். இறங்கினால் முப்பத்தெட்டு. ஏறினால் முப்பத்தெட்டு. மூச்சு வாங்க மேலே வந்து உட்காருவாள். மறுபடியும் மணி அடிக்கும்.

"எனக்கு ஒரு போன் கூட வரலையேம்மா. காலு மட்டும் என்னோடது" என்பாள்.

"நானும் காலையில இருந்து மலை ஏறிக் கொழுந்து எடுத்துட்டுத்தான் வாரேன். என் காலைக் கேட்டியா?" என்பாள் அம்மா சிசிலி. இருவரும் சுவரில் சாய்ந்துகொள்வார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ரிஜின் அடிமாலியிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டி வாங்கிவந்தான். புது ரூட்டர். நான்கு கொம்பு நீட்டிக்கொண்டு, கவிழ்த்துப் போட்ட வண்டு மாதிரி இருந்தது.

"கேபிள்காரங்க தந்த வெள்ளைப் பெட்டி சரியில்ல. பின் ரூமுக்கு வைஃபை எட்டவே மாட்டேங்குது. ஆன்லைன் கிளாஸ்ல சார் வாயத் திறந்தா மூடுறதுக்குப் பத்து நிமிசமாகுது" என்றான்.

வெள்ளைப் பெட்டியைக் கழற்றினான். அதிலிருந்த வயர்களைக் கறுப்புப் பெட்டியில் செருகினான். பின் ரூமில் படம் ஓடியது. ரிஜின் கையைத் தட்டினான். அம்மா வெள்ளைப் பெட்டியைத் துடைத்து, அலமாரி மேல் வைத்து, அதன்மேல் மாதா சொரூபத்தை நிறுத்தினாள்.

"மாதாவுக்கு இப்பத்தான் நல்ல உயரம்" என்றாள்.

அன்றிலிருந்து போன் அடிக்கவில்லை.

திங்கள் அடிக்கவில்லை. செவ்வாய், புதன் அடிக்கவில்லை. ஜின்சி காலை நீட்டி உட்கார்ந்து படம் வரைந்தாள். மதியத்தில் தூங்கினாள். லீவு என்றால் இதுதான் என்று நினைத்தாள்.

வியாழக்கிழமை, வேலை விட்ட பிறகு, கீழ் லயத்துக் கடைசி வீட்டு ராமுத்தாய் படியேறி வந்தாள். வாசலில் ஆணியில் அம்மாவின் மழைக்கோட்டு தொங்கியது. ராமுத்தாய் அதைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன சிசிலி, இன்னிக்கு வேலைக்கு வரலையா?"

ஜின்சிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "அத்தே, அது கோட்டு! அம்மா இன்னும் வரல."

"அடியாத்தீ!" ராமுத்தாயும் சிரித்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "பார்த்தியா பிள்ள, என் லட்சணத்த. முத்தல் இலையெல்லாம் பறிச்சுப் போடுதேன்னு கங்காணி தெனமும் வையுதாரு. ஆசுபத்திரில இருந்து போன் வந்திச்சா? கண் ஆப்பரேசனுக்கு இந்த வாரம் தேதி சொல்லுதோம்னாங்க. மூணு தடவை கூப்பிடுவாங்களாம். எடுக்காட்டி அடுத்த ஆளுக்குப் போயிருமாம். பொறவு ஆறு மாசம் காத்துக் கெடக்கணும்."

"வரல அத்தே."

"வந்தா ஓடி வாட்டி, என் தங்கம்."

ராமுத்தாய் ஒவ்வொரு படியாகக் காலால் தடவிக்கொண்டே இறங்கினாள். ஜின்சிக்குச் சிரிப்பு நின்றுபோனது. நாலு நாளாக ஒரு போன்கூட ஏன் வரவில்லை?

ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள். வழக்கமாக 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம் கேட்கும். இப்போது ஒன்றுமே இல்லை.

ரிசீவரைக் கீழே வைத்தாள். யாரிடமும் சொல்லாவிட்டால் நாளைக்கும் ஓட வேண்டியதில்லை. கால் அப்படித்தான் சொன்னது. மழைக்கோட்டைப் பார்த்ததும், "அண்ணே!" என்று கத்தினாள். "போன் செத்துப்போச்சு!"

ரிஜின் சலிப்போடு வந்தான். "நெட் ஓடுதுல்ல? போனும் ஓடும். வயரெல்லாம் செருகித்தான இருக்கு?"

ஜின்சி போன் வயரைத் தொட்டாள். லொடலொடவென்று ஆடியது.

"அப்பாவோட செருப்புல என் காலை விட்ட மாதிரி ஆடுதே" என்றாள்.

ஸ்டூலில் ஏறினாள். "கொஞ்சம் இறங்கிக்கோங்க மாதாவே" என்று சொரூபத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, வெள்ளைப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். பின்னால் நான்கு பெரிய துளைகள். ஓரத்தில் தனியாக ஒரு சின்னத் துளை. அதன் மேலே பட்டாணி அளவில் ஒரு போன் படம்.

கறுப்புப் பெட்டியைத் திருப்பினாள். எல்லாமே பெரிய துளை. போன் படம் எங்கேயும் இல்லை.

"அண்ணே, உன் வண்டுக்குக் காது இல்ல. கொம்பு மட்டும்தான் இருக்கு."

ரிஜின் இரண்டு பெட்டிகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். முகம் மாறிவிட்டது. "அப்போ வெள்ளைப் பெட்டியில்லாம போன் வராது போலிருக்கே. என் கிளாஸ் போச்சா?"

"ரெண்டையும் வெச்சா என்ன? வீட்டுக்குள்ள வர்ற வயரை முதல்ல வெள்ளைக்குக் குடு. போனும் அதுலயே இருக்கட்டும். வெள்ளையில இருந்து இன்னொரு வயர் போட்டு உன் வண்டுக்குக் குடு."

"இன்னொரு வயருக்கு எங்க போக?"

"புதுப் பெட்டியோட அட்டையில ஒண்ணு பிரிக்காமக் கெடக்கே, பார்க்கலியா?"

ரிஜின் தலையைச் சொறிந்தான். பிறகு உட்கார்ந்து வயர்களை மாற்றினான். வெள்ளைப் பெட்டியில் விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண் விழித்தன. சின்னத் துளையில் போன் வயர் 'டிக்' என்று உட்கார்ந்தது, ஆடவே இல்லை.

ஜின்சி ரிசீவரை எடுத்தாள். 'ம்ம்ம்' என்றது. பின் ரூமில் படமும் ஓடியது.

களைத்து வந்த அம்மா அலமாரியைப் பார்த்தாள். "மாதா ஏன் குட்டையாயிட்டாங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் படுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மே தினம். தோட்டத்துக்கு விடுமுறை. ஆசுபத்திரி ஆபீசும் திறக்காது. ஜின்சி போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஏழு தடவை அடித்தது. ஏழும் வேறு யாருக்கோ. ஏழு தடவையும் ஓடினாள். கெண்டைக்கால் கல்லாய்க் கனத்தது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எட்டாவது மணி.

"ராமுத்தாய்தானே?" என்று மலையாளத்தில் ஒரு பெண் குரல் கேட்டது. "ரெண்டு நாள் கூப்பிட்டும் கிடைக்கவில்லை. இது மூன்றாவது முறை."

"வைக்காதீங்க சேச்சி! கொஞ்சம் பொறுங்க, இதோ வந்திடுவாங்க!"

ஜின்சி செருப்பைக்கூடப் போடவில்லை. படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினாள். உடம்பு சரியில்லை என்று வீட்டிலிருந்த ராமுத்தாயின் கையைப் பிடித்து இழுத்து வந்து, ரிசீவரைக் காதில் வைத்தாள்.

ராமுத்தாய், "ஆங்... சரிங்கம்மா... புதன்கிழமையா... வந்திருதேன்" என்றாள். போனை வைத்துவிட்டு ஜின்சியின் கன்னத்தைத் தடவினாள்.

"வர்ற புதன்கிழமை, பிள்ள. ஆப்பரேசன் முடிஞ்சு வந்ததும் முதல்ல உன் மூஞ்சியத்தான் பார்க்கணும்."

அப்போது மறுபடியும் மணி அடித்தது. கீழ் லயத்து ரோசிக்கு. ஜின்சி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"உக்காருட்டி. நான் கீழதான போறேன், சொல்லிருதேன்" என்றாள் ராமுத்தாய்.

"படி பார்த்து அத்தே..."

"முப்பத்தெட்டையும் என் காலுக்குத் தெரியும். ஏட்டி ரோசீ! போனு!"

அந்தக் குரல் தேயிலைச் சரிவெங்கும் கேட்டது. ஜின்சி காலை நீட்டி உட்கார்ந்தாள்.