இருபத்துநான்கு சோயா மணிகள்

பேராசிரியர் ஆர்லன் நீல்சனை, வயலோரம் நிறுத்தியிருந்த வண்டியை விட்டு இறங்கவிடக் கூடாது. அன்று டெஸ்ஸாவுக்குக் கொடுக்கப்பட்ட வேலை அவ்வளவுதான்.

கேட்பதற்குச் சுலபமான வேலைதான். ஆனால் எழுபது வயதில் தானியக் குதிரின் ஏணியிலிருந்து விழுந்து, இடுப்பெலும்பை முறித்துக்கொண்டும் அடங்காத ஒருவரைக் காவல் காப்பதைவிட, நாலு பன்றிக்குட்டிகளைக் கூடை போட்டு மூடி வைப்பது எளிது.

"காலை வெளியே வைக்காதீங்க புரொஃபசர்," என்றாள் டெஸ்ஸா.

"வைக்கலையே. அது காத்து வாங்குது."

"அப்பா திட்டுவார்."

"உங்கப்பன் என் வகுப்பில கடைசி பெஞ்சில உக்காந்து தூங்கினவன். அவனா என்னைத் திட்டுவான்?" என்று முணுமுணுத்தாலும், பேராசிரியர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

நெப்ராஸ்காவின் அந்த வட்டாரத்தில் ஓர் உழவர் படுத்துவிட்டால் யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. அறுப்புக் காலத்தில் ஒரு சனிக்கிழமை பார்த்து, அக்கம்பக்கத்தார் தங்கள் இயந்திரங்களோடு வந்து நிற்பார்கள். அன்றும் அப்படித்தான். டெஸ்ஸாவின் அப்பா ராய்ஸ், பக்கத்துப் பண்ணை வெர்ன், ஹோல்ம் சகோதரர்கள் இருவர் என்று நாலு அறுவடை இயந்திரங்கள் வந்துவிட்டன. பனி காய்ந்து சோயாக் காய்கள் மொறமொறப்பாகும் வரை பொறுத்திருந்து, பதினொரு மணிக்கு வயலில் இறங்கின. மாலை ஐந்து மணிக்குப் பெரிய மழை என்று வானொலி சொல்லியிருந்தது. முற்றிக் காய்ந்த சோயா மழையில் நனைந்து, மறுபடி வெயில் பட்டால் காய் வெடித்து மணியெல்லாம் மண்ணுக்குப் போய்விடும்.

பேராசிரியர் பிறந்ததே அந்த நிலத்தில்தான். எட்டு வயதில் டிராக்டர் ஓட்டினார். பத்தொன்பது வயதில் ராணுவத்தில் சேர்ந்து கொரியப் போருக்குப் போனார். திரும்பி வந்ததும் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து வேளாண் பொறியியல் படித்து, அங்கேயே முப்பத்துநாலு வருஷம் பாடம் நடத்தினார். அந்தச் சுற்றுவட்டாரத்தில் பாதி உழவர்கள் அவரிடம் குட்டு வாங்கியவர்கள். ஓய்வு பெற்று அப்பாவின் நிலத்துக்கே திரும்பி வந்த பிறகும், பாடம் நடத்துவதில் மட்டும் ஓய்வு எடுத்துக்கொள்ளவில்லை.

"நான் இறங்கக் கூடாது, சரி. நீ இறங்கலாமில்ல?" என்று இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு கம்பிச் சட்டத்தை எடுத்து நீட்டினார். ஓர் அடிக்கு ஓர் அடி, சதுரமாக இருந்தது. "மெஷின் போன தடத்தில இதைப் போடு. உள்ளே எத்தனை மணி சிந்திக் கிடக்குதுன்னு எண்ணிட்டு வா. நாலு மணி கிடந்தா ஏக்கருக்கு அரை மூட்டை வீணாப் போச்சுன்னு கணக்கு."

டெஸ்ஸா ஓடிப்போய் எண்ணினாள். அப்பாவின் தடத்தில் ஏழு. ஹோல்ம் சகோதரர்களின் தடங்களில் எட்டும் ஒன்பதும். எல்லாவற்றையும் பேராசிரியர் ஒரு பழைய உறையின் பின்பக்கம் குறித்துக்கொண்டார்.

மூன்றாவது முறை வியர்த்து விறுவிறுத்து வந்தவள், "சின்னச் சின்ன மணிதானே புரொஃபசர்? இதைப் போய் யார் எண்ணுவா?" என்றாள்.

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொரியாவில நான் சண்டை போட்டதைவிட லாரி ஓட்டினதுதான் அதிகம். ஒரு நாள் பனியில அரிசி மூட்டை இறக்கிட்டு இருந்தோம். ஒரு மூட்டை கிழிஞ்சு கொட்டிருச்சு. எங்கிருந்துதான் வந்தாங்களோ, பத்துப் பதினஞ்சு குழந்தைங்க. வெறுங்கையால பனியைக் கிளறி ஒவ்வொரு அரிசியாப் பொறுக்கினாங்க. உன் உயரத்தில ஒரு பொண்ணு. விரலெல்லாம் நீலமாயிருச்சு, ஆனா அவ நிறுத்தல. கடைசியில அங்கே ஓர் அரிசி மிச்சமில்லை." அவர் மூக்கை உறிஞ்சினார். "அன்னிக்கு எண்ண ஆரம்பிச்சவன்தான் நான்."

டெஸ்ஸா அதற்குப் பிறகு சலித்துக்கொள்ளவில்லை. வெர்னின் தடத்துக்குப் போனவள், மண்டியிட்டு இரண்டு முறை எண்ணினாள். சட்டத்தை நகர்த்திப் போட்டு இன்னொரு முறையும் எண்ணினாள். இருபத்துநான்கு.

"இருபத்துநாலா!" பேராசிரியரின் முகம் சிவந்தது. அவர் வயர்லெஸ் கருவியை எடுத்தார். அதில் பேசினால் நாலு இயந்திரங்களிலும் கேட்கும். டெஸ்ஸா 'வேண்டாம்' என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் பேசிவிட்டார்.

"வெர்ன்! ஏக்கருக்கு மூணு மூட்டையைத் தரையில கொட்டிட்டுப் போறே. குதிரைப் பந்தயமா ஓட்டுறே? வகுப்பிலயே உனக்கு அவசரந்தான். அன்னிக்கு ஃபெயில் போட்டேன், இன்னிக்கும் ஃபெயில்தான்!"

ஹோல்ம் சகோதரர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். அது எல்லோருக்கும் கேட்டது.

வெர்னின் இயந்திரம் நின்றது. கருவி இரைந்தது. பிறகு வெர்னின் குரல், மெதுவாக, "அப்போ நல்லா ஓட்டுற ஆளாப் பாத்துக்குங்க சார்," என்றது. பச்சை இயந்திரம் திரும்பி, வயலை விட்டு வெளியேறிச் சாலையைப் பிடித்தது.

"போகட்டும்! உள்ளதைச் சொன்னா உடம்பெல்லாம் எரியும்," என்றார் பேராசிரியர். ஆனால் அவர் குரலில் முன்பிருந்த முறுக்கு இல்லை. "வீட்டில வேலை ஒண்ணும் இல்ல, பொழுது போகலைன்னு வந்தேன்னான். பொழுது போகாதவனுக்கு ஏன் இவ்வளவு அவசரம்?"

டெஸ்ஸா கம்பிச் சட்டத்தைக் கீழே வைத்தாள். எண்ணியது அவள்தான். அவசரம் ஏன் என்பதும் அவளுக்குத் தெரியும்.

காலையில் அப்பாவுடன் வரும்போதே அவள் பார்த்திருந்தாள். வெர்னின் அறுபது ஏக்கர் சோயா அறுக்கப்படாமல் அப்படியே நின்றது. "அப்பா, வெர்ன் அங்கிள் வயலை இன்னும் அறுக்கவே இல்லையே!" என்றதற்கு அப்பா, "பாத்தேன். அதைப் பத்தி நீ அங்கே வாயைத் திறக்கக் கூடாது. உதவிக்கு வந்த இடத்தில நம்ம கஷ்டத்தைப் பேசினா, அது சொல்லிக்காட்டுறது ஆகிடும்," என்று சொல்லியிருந்தார்.

அந்த ஊர் வழக்கம் அது. உதவ வருகிறவர் எல்லாருமே 'சும்மாதான் இருந்தேன்' என்றுதான் சொல்வார்கள். உண்மையில் ஒருவர்கூடச் சும்மா இருந்திருக்க மாட்டார்.

டெஸ்ஸா மேற்கே பார்த்தாள். அடிவானத்தில் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. மணி மூன்று. அப்பா சொல்லக் கூடாது என்றார். சொல்லாவிட்டால், வெர்ன் அங்கிள் கோபத்தோடு தனியாளாகத் தன் வயலில் போராடுவார். இவர் இங்கே அவரைத் திட்டிக்கொண்டே இருப்பார். இரண்டு பேரும் நல்லவர்கள். இப்படியே விட்டால் இனி ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மாட்டார்கள்.

"புரொஃபசர், எண்ணிக்கையில ஒண்ணு விட்டுப்போச்சு," என்றாள்.

"எந்தத் தடத்தில?"

"தடத்தில இல்ல. வெர்ன் அங்கிளோட சொந்த வயல்ல. அறுபது ஏக்கர் அப்படியே நிக்குது. ஒரு செடிகூட அறுக்கல. இங்கே சீக்கிரம் முடிச்சாத்தான் மழைக்கு முன்னாடி கொஞ்சமாவது அறுக்கலாம்னு வேகமா ஓட்டியிருப்பார். பொழுது போகலைன்னு வரல. உங்களுக்காக வந்தார்." அவள் மூச்சு வாங்கினாள். "சொல்லக் கூடாதுன்னு அப்பா சொன்னார். நான் சொல்லிட்டேன்."

பேராசிரியர் கையிலிருந்த உறையைப் பார்த்தார். ஏழு, எட்டு, ஒன்பது, இருபத்துநான்கு. அதை மடித்துக் கசக்கிக் கதவின் இடுக்கில் திணித்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. அதை மறைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

"முப்பத்துநாலு வருஷம் வாத்தியார்," என்றார். "பையன் தப்பாப் போட்ட கணக்குக்குக் காரணம் என்னன்னு கேக்கணும்கிறது எனக்குத் தோணல பாரு."

வெளியே அவருடைய வயலில் இன்னும் நாற்பது ஏக்கர் அறுக்காமல் நின்றது. மூன்று இயந்திரங்கள் இருந்தால் மழைக்குள் முடித்துவிடலாம். அவர் அந்தச் செடிகளையே கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு மணி சிந்தினாலும் பொறுக்காதவர். டெஸ்ஸாவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

பிறகு அவர் வயர்லெஸ்ஸை எடுத்தார்.

"எல்லாரும் கேளுங்க. வெர்ன், நீயும் கேளு. மெஷின்ல கருவியை நீ அணைக்காம வெச்சிருப்பேன்னு தெரியும். எல்லாருக்கும் கேக்கிற மாதிரி உன்னைத் திட்டினேன். எல்லாருக்கும் கேக்கிற மாதிரியே சொல்றேன். தப்பு என்னுது. மன்னிச்சிரு. ராய்ஸ், ஹோல்ம் பசங்களா, மெஷினைத் திருப்புங்க. எல்லாரும் வெர்ன் வயலுக்குப் போங்க."

வயலில் மூன்று இயந்திரங்களும் நின்றன.

"சார், இங்கே இன்னும் நாற்பது ஏக்கர் இருக்கு," என்றது அப்பாவின் குரல்.

"எனக்கு எண்ணத் தெரியும் ராய்ஸ்."

"வேணாம் சார்," என்றது வெர்னின் குரல், எங்கோ சாலையிலிருந்து. "உங்க வயலை முடிக்கட்டும். நான் பாத்துக்கிறேன்."

"வெர்ன், மூணு வருஷம் என் வகுப்பில இருந்தே. ஒரு நாளாவது என் பேச்சைக் கேட்டியா? இன்னிக்கு ஒரு நாள் கேளுடா."

இந்த முறை சிரித்தது வெர்ன்தான்.

மூன்று இயந்திரங்களும் வரிசையாகச் சாலையில் ஏறின. பேராசிரியர் தன் வண்டியையும் அங்கே கொண்டுபோகச் சொன்னார். வந்து ஓட்டியது, எல்லோருக்கும் சாப்பாடு கொண்டுவந்திருந்த ஹோல்ம் வீட்டு அம்மாள். வெர்னின் அறுபது ஏக்கரில் நாலு இயந்திரங்கள் பக்கத்தில் பக்கத்தில் போனதைப் பார்க்க, டெஸ்ஸாவுக்கு ஊர்த் திருவிழா ஊர்வலம் மாதிரி இருந்தது. கடைசி வரிசை முடிந்து, தானிய லாரிக்குத் தார்ப்பாய் போட்டுக் கட்டியபோது மணி ஐந்தேகால். முதல் துளி வெர்னின் தொப்பியில் விழுந்தது.

வெர்ன் வண்டிக்கு அருகில் வந்து நின்றார். வீட்டிலிருந்து எடுத்துவந்த பூசணிக்காய்க் கேக் டப்பாவை ஜன்னல் வழியே நீட்டினார். பேராசிரியர் பெரிய துண்டாகவே எடுத்துக்கொண்டார்.

அப்பா டெஸ்ஸாவிடம் வந்தார். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "வாயைத் திறக்காதேன்னு சொன்னேனா இல்லையா?" என்றார்.

"சொன்னீங்கப்பா."

"நல்லவேளை, கேக்கல நீ," என்று அவள் தலையில் கை வைத்து அழுத்திவிட்டு, நனைந்துகொண்டே இயந்திரத்தை நோக்கி ஓடினார்.

மழை பிடித்துக்கொண்டது. வண்டியின் கூரையில் சடசடவென்று கொட்டியது. இரண்டு மைல் தள்ளி, பேராசிரியரின் நாற்பது ஏக்கரும் இதே மழையில் நனைந்துகொண்டிருக்கும். டெஸ்ஸாவுக்கு அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

"புரொஃபசர், உங்களுக்கு வருத்தமா இல்லையா?"

"இருக்கு," என்றார் அவர். "நிறையவே இருக்கு."

பிறகு ஜன்னல் கண்ணாடியை இறக்கி, வெறுங்கையை மழையில் நீட்டினார். நல்ல குளிர்ந்த மழை. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"ஆனா ஒண்ணு சொல்றேன் டெஸ்ஸா, இந்த ஐம்பது வருஷத்தில ஒரு வயலைச் சிந்தினதை எண்ணாம விட்டது இன்னிக்குத்தான். வயிறு குளிர்ந்து போச்சு."