நாற்பதாவது சத்தம்

அவள் அனுப்பியது முப்பத்தொன்பது சத்தங்கள்தான். புரோகிராமர் போனில் வாய் ஓயாமல் புகழ்ந்ததோ நாற்பதாவதை.

"கடைசியா ஒண்ணு இருக்கே அக்கா, அதைக் கேட்டுட்டு எங்க ஆபீஸ்ல ஒருத்தர் சாப்பாட்டை மூடி வச்சிட்டார். அதே மாதிரி இன்னும் பத்து வேணும்."

வீடியோ விளையாட்டுக் கம்பெனியில் அவளுக்குச் சத்தக்காரி என்று பெயர். அவர்களுடைய புது விளையாட்டில், நூறு வருஷம் கழித்து வரப்போகும் ஒரு நகரம். முதுகு மட்டும் தெரியும் ஒரு வீரன் தலைதெறிக்க ஓடிக்கொண்டே, சுவரெல்லாம் அப்பிக் கிடக்கும் ஆளுயரப் புழுக்களைச் சுட்டுத் தள்ளுவான். அவை வெடித்துச் சிதறும் சத்தத்துக்குத்தான் இவள். கறிக்கடையில் கழித்துப் போடும் குடலையும் கொழுப்பையும், அழுகிய தக்காளியோடும் ஊறிய ரொட்டியோடும் தொட்டியில் கொட்டி, மைக்குக்கு முன்னால் முழங்கை வரை கையை விட்டுப் பிசைவாள். இரண்டு தடவை குளித்தால்தான் சமையலறைக்குள் விடுவேன் என்று கணவன் கறாராகச் சொல்லிவிட்டான். அருவருப்பெல்லாம் தனக்கு விட்டுப்போய்விட்டது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

கம்ப்யூட்டரில் தேடினாள். நாற்பதாவது இருந்தது. நேற்று மதியம், பதிவை நிறுத்த மறந்து, அறையைப் பூட்டிக்கொண்டு அவள் சாப்பிடப் போயிருந்த நேரம். மற்றவற்றோடு சேர்ந்து அதுவும் போயிருக்கிறது. ஓடவிட்டாள். கொழகொழவென்று எதையோ அள்ளும் சத்தம். சப்புக்கொட்டல். பிறகு, அவசரமே இல்லாத ஒரு விழுங்கல்.

பூனையாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பதிவறைக் கதவைத் திறந்தாள்.

ஒரு நாள் முழுக்கப் பூட்டிக் கிடந்த குடலின் வீச்சத்துக்குத் தயாராக மூச்சைப் பிடித்திருந்தவளுக்கு, மூச்சை விட்டதும் வந்தது வேறு நாற்றம். பல் தேய்க்காத வாயை யாரோ முகத்துக்கு நேராகத் திறந்தது போல, இளஞ்சூடாக, புளித்துப்போய், நாக்கின் வெண்பூச்சு வாடையோடு. தொட்டி காலி. அடி பளபளத்தது. சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரில் ஒட்டியிருந்த பஞ்சில் கை வைத்தாள். ஈரம். விரலை எடுத்தபோது நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது.

விரலைப் புடவையில் இரண்டு தடவை துடைத்தாள். ஓடிவிடலாம்தான். ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் ஏதாவது ஒளிந்திருந்தால் மைக்குக்குக் கேட்டுவிடும். கேட்டுவிட்டால் எந்தப் பக்கம் என்றாவது தெரியும். வாசல் பக்கம் நகர்ந்து நின்றுகொண்டு ஹெட்போனை மாட்டினாள். ஒலியைக் கூட்டினாள்.

அவள் மூச்சு. உடைகளின் உரசல். வெகுநேரம் அவ்வளவுதான்.

அப்புறம் நக்கும் சத்தம்.

வலது பக்கம். மெதுவாக. சொரசொரப்பான நாக்கு ஒன்று எதன் மேலோ ஏறி இறங்கியது. மைக்கைப் பார்த்தாள். அதன் அருகே ஒன்றுமில்லை. மைக்கை அணைத்தாள்.

சத்தம் நிற்கவில்லை.

ஹெட்போன் வயரைப் பிடுங்கினாள்.

நிற்கவில்லை.

காதுக்குள் இதமான சூடு. எச்சில் கழுத்து வழியாக இறங்கி ரவிக்கைக்குள் போனது. ஹெட்போனை இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். சப்பென்று விட்டது.

தரையில் விழுந்த ஹெட்போனின் வலது பஞ்சு நடுவில் பிளந்திருந்தது. உள்ளே சின்னச் சின்னப் பற்கள், குழந்தையின் பால்பற்களைப் போல. அவை எதையோ மென்றுகொண்டிருந்தன. குருத்தெலும்பு நொறுங்குவது போல இருந்தது. கம்மல் ஒன்று தனியாக வெளியே துப்பப்பட்டு உருண்டது.

வலிக்கவே இல்லை. கையைக் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தாள். ரத்தமும் இல்லை. காது இருந்த இடம் நக்கித் துடைத்த தட்டு மாதிரி வழவழவென்று இருந்தது.