படகுச் சுரங்கத்தில் மூன்று பெயர்கள்

பிறை வடிவ மரத்துண்டுகள் இரண்டும் கருங்கல் தரையில் விழுந்தன. சத்தம் மட்டும் வரவில்லை.

லியாவ் காதைத் தேய்த்துக்கொண்டான். எழுபத்தாறு வயதுக் காதை நம்புவதற்கில்லை. ஆனால் குடைந்த பாறையின் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது, பின்னால் எவனோ வேர்க்கடலை மிட்டாயை நறநறவென்று கடிப்பது கேட்டது, இடதுபுறம் கடல்வாயிலிருந்து சுரங்கத்துக்குள் ஏறும் அலை படிக்கட்டை நக்குவதுகூடக் கேட்டது. அந்தப் பிறைத் துண்டுகள் மட்டும் பஞ்சில் விழுந்தவைபோலக் கிடந்தன. ஒன்று குப்புற, ஒன்று மல்லாந்து. அப்படி விழுந்தால் செத்தவன் ஆமாம் என்கிறான்.

"வந்துட்டான்," என்றாள் துண்டுகளைப் போட்ட பாவ்-சூ.

முன்னாள் படைவீரர் சங்கம் ஒரு காலத்தில் போர்முனையாக இருந்த கின்மென் தீவுக்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும். பதினோரு கிழவர்கள். சோளச் சாராயம் குடிப்பார்கள், பழைய பீரங்கிக் குண்டு இரும்பில் அடித்த கத்தி வாங்குவார்கள், புளுகுவார்கள். லியாவுக்கு அவர்களில் ஒருவனையும் பிடிக்காது. வராமல் இருந்தால் என்ன பேசுவார்களோ என்றுதான் வருவான். இந்த முறை பாவ்-சூவும் ஒட்டிக்கொண்டாள். அவளுடைய அண்ணன் யெ ஐம்பத்து நான்கு வருடம் முன்பு படகுகளை ஒளித்து நிறுத்தக் குடைந்த இதே சுரங்கத்தில் காவல் இருந்தபோது செத்தவன். அவனுடைய ஆவியை அழைத்துப்போய் வீட்டில் சேர்க்க வேண்டும் என்றாள். சங்கத் தலைவன் ஃபாங், அந்தக் காலத்து சார்ஜெண்ட், பெருந்தன்மையாகச் சரி என்றுவிட்டான்.

ஊதுவத்தி கொளுத்தியாயிற்று. சம்மதமும் கிடைத்தாயிற்று. இனி அண்ணா வா, கப்பலில் ஏறு என்று கூப்பிட்டுக்கொண்டே அவள் வெளியே நடக்க வேண்டும். அதுதான் வழக்கம். அவள் நடக்கவில்லை. துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு திரும்பினாள்.

"கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு ராத்திரி காவல்ல இருந்த மூணு பேரும் இங்கதான் இருக்கீங்க. உன்னைக் கொன்னது யாருன்னு பேர் பேரா அவன்கிட்டயே கேக்கப் போறேன்."

ஃபாங் சிரித்தான். "எதிரி நீந்தி வந்து கொன்னான்னு அரசாங்கமே காகிதம் குடுத்திருக்கு. மரக்கட்டை வேற மாதிரி சொல்லுமாம்மா?"

"அந்தக் காகிதத்தை எழுதினது நீங்கதானே."

லியாவ் தண்ணீர்ப் படியைப் பார்த்தான். அந்தக் காலத்தில் எதிர்க்கரையிலிருந்து நீந்தி வரும் எதிரி வீரர்களைத் தண்ணிப்பேய் என்பார்கள். காவல்காரனைக் கொன்று, சாட்சிக்குக் காதை அறுத்துப் போவார்கள். அதனால் ஒரே விதி. நம் ஆள் தரைப்பக்கமிருந்துதான் வருவான். தண்ணீர்ப் படியில் ஏறி வருகிறவன் எதிரி. யெ பசி தாங்காமல் பாறையில் சிப்பி பெயர்க்க இறங்கியிருந்தான். அந்தப் படியிலேயே ஏறி வந்தான். லியாவின் துப்பாக்கி முனைக் கத்தி அவன் வயிற்றுக்குள் போன பிறகுதான் முகம் தெரிந்தது. ஓடி வந்த ஃபாங், ஒரு சிகரெட் பற்றவைக்கும் நேரம் யோசித்தான். காதை எடுத்துவிட்டால் தண்ணிப்பேய் கணக்காகிவிடும், நீ போய் வாசலில் நில் என்றான். லியாவ் போனான். போகும்போது பின்னாலிருந்து யெ அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். ஒரே ஒரு தடவை. செத்தவனின் குரல் அல்ல அது. லியாவ் திரும்பிப் பார்க்கவில்லை. ஃபாங் கை கழுவிக்கொண்டு வந்தான். இருவருக்கும் பத்து நாள் விடுமுறை கிடைத்தது.

இப்போது அவள் வாயிலிருந்து தன் பேர் வரப்போகிறது. ஊரில் பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். கோயில் கமிட்டியில் இடம் இருக்கிறது. எல்லாம் இரண்டு மரத்துண்டில்.

"ஜியெனா?"

இரண்டும் குப்புற விழுந்தன. இல்லை. அன்று மேலே தூங்கிக் கிடந்த ஜியென் பெருமூச்சு விட்டான். அந்த மூச்சு கேட்கவில்லை. மார்பு ஏறி இறங்கியது, அவ்வளவுதான். லியாவ் திரும்பினான். மிட்டாய் கடித்தவனின் தாடை இன்னும் அசைந்துகொண்டிருந்தது. நறநறப்பு இல்லை. கூரையிலிருந்து சொட்டு விழுந்தது. அதற்கும் சத்தம் இல்லை. அழுகிய சிப்பியின் வாடை மட்டும் படிக்கட்டிலிருந்து ஏறி, நாக்கின் அடியில் உப்பாகத் தங்கியது.

"லியாவா?"

இரண்டும் மல்லாந்து விழுந்தன. தரையில் ஆடின. நிற்காமல் ஆடின.

"சிரிக்கிறான்," என்றாள் அவள். "உங்களைப் பத்தி அப்புறம் பேசிக்கலாமாம்."

அவள் பொறுக்கி எடுத்ததும் ஃபாங் எட்டி அவள் கையிலிருந்து துண்டுகளைப் பிடுங்கினான். "குடு இப்படி. டேய் யெ, உன்னைக் கொன்னது நானாடா? சொல்லித் தொலை."

போட்டான். ஒன்று குப்புற, ஒன்று மல்லாந்து.

மறுபடி போட்டான். அதே.

மூன்றாவது தடவை கையை உதறிப் போட்டான். அதே.

பின்னால் கிழவர்கள் சிரித்தார்கள், பல் தெரிந்தது. ஃபாங்கும் சிரிக்கத்தான் பார்த்தான். வாய் பாதி திறந்தபடியே நின்றுவிட்டது. யாரோ கூப்பிட்டதுபோலத் தலையைத் தண்ணீர்ப் பக்கம் சாய்த்தான்.

பிறகு படியில் இறங்கினான்.

ஒரு படி. இன்னொன்று. சப்பாத்து நனைந்தது. முழங்கால்.

லியாவின் தொண்டையில் சார்ஜெண்ட் என்ற சொல் வந்து நின்றது. கூப்பிட்டால் போதும், ஓடிப்போய்த் தோளைப் பிடித்தால் போதும். ஆனால் பாவ்-சூ ஃபாங்கைப் பார்க்கவே இல்லை. லியாவின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் ஏன் பயப்படுகிறீர்கள் என்று கேட்பாள்.

வாயை மூடிக்கொண்டான்.

இடுப்பு. மார்பு. அங்கே ஃபாங் நின்றான். மெல்லக் குனிந்தான். வலது கன்னத்தைத் தண்ணீரின் மேல் வைத்தான், கதவில் காது வைத்து ஒட்டுக்கேட்பவனைப்போல.

கேட்டான்.

தலையாட்டினான்.

தண்ணீர் ஏறியது. உதடு மறைந்தது. மூக்கு மறைந்தது. ஒரு குமிழிகூட வரவில்லை. கை உதறவில்லை. பின்னால் யாரும் அசையவில்லை. பல் தெரிந்த வாய்கள் அப்படியே இருந்தன.

பாவ்-சூ துண்டுகளைப் பொறுக்கித் துடைத்தாள். லியாவிடம் நீட்டினாள்.

"இப்ப நீங்களே போடுங்க."

அவன் கை நீண்டது. அவன் நீட்டவில்லை.

கீழே ஒரு கண் மட்டும் தண்ணீருக்கு மேல் திறந்திருந்தது. ஃபாங் இன்னும் தலையாட்டிக்கொண்டிருந்தான். அவன் காதோரம் தண்ணீர் அசைந்தது, உதடுகள் அசைவதுபோல.