இரண்டாவது மூச்சு

"வீட்டில எத்தனை மூச்சும்மா?" என்று கேட்டபடியே அளவன் உள்ளே வந்தது.

செம்மேட்டில் கூரைக்கு ஒளித்தகடு போட வேண்டுமென்றால் முதல் கேள்வி அதுதான். செவ்வாயில் விளக்குக்கும் அடுப்புக்கும் பெரிதாக மின்சாரம் போவதில்லை. காற்றைச் செய்வதற்குத்தான் போகிறது. நிலத்தடிப் பனியை உருக்கி, அதைப் பிளந்து காற்றாக்கி, இரவு முழுவதும் உறையாமல் சூடாக வைத்திருக்க வேண்டும். அதனால் அங்கே வீட்டின் அளவை யாரும் சதுர அடியில் சொல்வதில்லை. இரண்டு மூச்சு வீடு, ஐந்து மூச்சு வீடு என்பார்கள்.

"ரெண்டு," என்றாள் செண்பகா.

அளவன் தன் மெலிந்த கழுத்தை நீட்டி அறையை ஒருமுறை முகர்ந்தது. கூரை அளந்து விலை சொல்வதற்கென்றே செய்யப்பட்ட இயந்திரன் அது. மூன்று கால், ஒரு கழுத்து, பொறுமையான குரல்.

"ஒண்ணுதானேம்மா தெரியுது?"

"அவர் வரப்போறார்."

"அப்ப சரி. வரப்போற மூச்சும் கணக்குல உண்டு."

அந்த ஒரு வார்த்தைக்காகவே அதற்கு ஒரு டம்ளர் காபி கொடுக்கலாம் போலிருந்தது அவளுக்கு. அதற்குக் குடிக்க வாயில்லாததால் சிரித்துவிட்டு நகர்ந்தாள்.

அவள் கணவன் திருமாறன், செவ்வாயைத் தாண்டிச் சுற்றும் பாறைக் கூட்டமான கல்மண்டலத்தில் துளையிடும் வேலையில் இருந்தான். கல்யாணமான புதிதில் பெரிய தூசிக்காற்று வந்து ஊரையே மூடியது. யாரும் வெளியே தலைகாட்ட முடியவில்லை. ஊர் முழுக்க அந்தத் தூசியைச் சபித்துக்கொண்டிருக்க, இவர்கள் இருவர் மட்டும் அது இன்னும் கொஞ்சம் நீடிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டார்கள். தூசி அடங்கிய வாரமே கப்பல் வந்தது. அவன் போனான். இரண்டு பேர் இருந்தபோது, வீட்டுக்குக் காற்று செய்து தரும் காற்றுப்பெட்டி ஒரு சுருதி கூட்டிப் பாடும். அவன் போன அன்று அது தானாகவே தணிந்துகொண்டது. அந்தத் தணிந்த ஓசைக்கு அவள் காது இன்னும் பழகவில்லை.

கப்பல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான். நாளை அது கல்மண்டலத்திலிருந்து திரும்பக் கிளம்புகிறது. திருமாறனுக்கு அதில் இடம் இருந்தது. ஒரே ஒரு தடைதான் பாக்கி. ஊர்ப் பொது மின்நிலையம் கிழடாகிவிட்டதால், இரண்டு பேருக்கு வேண்டிய மின்சாரம் சொந்தக் கூரையிலேயே உண்டு என்று அளவன் சான்று கொடுத்தால்தான் இரண்டாவது ஆளை ஊருக்குள் விடுவார்கள்.

அளவன் கூரைமேல் ஏறியது. தண்ணீர்த் தொட்டியின் நிழல் எந்த நேரத்தில் எங்கே விழும், தகட்டை எவ்வளவு சாய்க்க வேண்டும், தூசி துடைக்கும் கைகள் எத்தனை, வெயில் இல்லாத நாட்களுக்கு மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் சேமகலம் எத்தனை என்று பார்த்துவிட்டு இறங்கி வந்தது.

"வீட்டுக்காரர் குளிக்க வெந்நீர் எவ்வளவு வேணும்?"

"பாட்டு முடியற வரைக்கும்."

"எவ்வளவு பெரிய பாட்டும்மா?"

"பெரிசுதான். நடுவுல வரி மறந்துட்டார்னா முதல்லேர்ந்து ஆரம்பிப்பார்."

அளவன் அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டது. "எட்டுத் தகடு, ஒரு சேமகலம். மறதியெல்லாம் சேர்த்துச் சொல்றேன். தாராளமாப் போதும். விலை இருபது மாசம்."

செம்மேட்டில் நாணயம் கிடையாது. கல்மண்டலத்தில் ஒரு மாதம் உழைத்தால் கணக்கில் ஒரு மாதம் ஏறும். அரிசியோ அலமாரியோ எல்லாவற்றுக்கும் விலை வேலைமாதம்தான். திருமாறனின் கணக்கில் இருபதும் அதற்கு மேல் கொஞ்சமும் இருந்தது. செண்பகாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீங்க சரின்னு சொன்னதும் அவருக்கும் ஒரு நகல் போயிடும். சம்பாதிக்கறவர் பார்க்கணும்ல, அதான் வழக்கம்," என்றது அளவன்.

அவள் 'சரி' என்று வாயைத் திறக்கும் நேரத்தில் பக்கத்து வீட்டு ஜெசிந்தா காற்றுக்கதவைத் தட்டாமலே நுழைந்தாள். அவள் கணவன் லாசர் போன கப்பலில்தான் கல்மண்டலத்திலிருந்து திரும்பியவன்.

"எட்டா? என்னடி, வாடகை வீட்டுக்குப் போடற மாதிரி போடற!"

"ரெண்டு பேருக்கு அது போதுமாம் அக்கா."

"அது சொல்லும். அதுக்கு மாமியாரா, நாத்தனாரா? நாளைக்கு நாலு பேர் வந்து உட்கார்ந்தா மூச்சைப் பங்கு போட்டுக் குடுப்பியா? குழந்தை பொறந்தா? எங்க வீட்டைப் பாரு, பதினாலு."

"உங்க வீட்டில உள்ளதும் ரெண்டு மூச்சுதாம்மா," என்றது அளவன்.

"நீ சும்மா இரு. அந்த மனுஷன் அங்க பாறையைக் குடைஞ்சு எலும்பு தேஞ்சு வர்றார். வந்து நிமிர்ந்து பார்த்தா கூரையில எட்டே எட்டு. தெருவே சிரிக்கும். ம், உன் வசதிக்கு அவ்வளவுதான் முடியும்னா நான் என்ன சொல்ல?"

அந்தக் கடைசி வார்த்தை செண்பகாவைச் சுருக்கென்று தைத்தது. திருமாறனையே யாரோ குறைத்துப் பேசியது போல் இருந்தது. "பதினாறு போடு," என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை.

"முப்பத்தெட்டு மாசம் ஆகும்மா. கணக்குல அவ்வளவு..."

"போடுன்னு சொல்றேன்ல? சரி!"

ஜெசிந்தா முகம் சுண்டிப்போய் வெளியேறினாள். கதவு மூடிய பிறகுதான் செண்பகாவுக்குத் தான் சொன்னது உறைத்தது.

"வேண்டாம். எட்டே போடு. அந்த நகலைத் திருப்பிக் கூப்பிடு!"

"அது கிளம்பிடுச்சும்மா. ஒளி வேகத்துல போகுது. பின்னாடி ஓடிப் பிடிக்க முடியாது."

கல்மண்டலத்துக்குச் செய்தி போய்ச் சேர இருபது நிமிடமாகும். இரண்டாவது செய்தி எப்போதும் முதலாவதன் பின்னால்தான் போக முடியும். அவள் அழுதுகொண்டே அதை அனுப்பினாள். "எட்டுப் போதுங்க. எனக்கு நீங்கதான் வேணும். கப்பல்ல ஏறிடுங்க."

அவன் குரல் வந்தபோது அவள் காற்றுப்பெட்டியின் மேல் கையை ஊன்றி நின்றிருந்தாள். முதல் செய்திக்கான பதில் அது.

"செண்பா! பதினாறா! எவ்வளவு சந்தோஷமா இருக்கு தெரியுமா? இத்தனை நாள்ல நீ உனக்குன்னு ஒண்ணும் கேட்டதே இல்ல. இன்னைக்கு வாயைத் திறந்து கேட்டிருக்க, அதை நான் எப்படிக் குறைப்பேன்? கப்பல் பட்டியல் மூடற நேரம், அதான் உடனே என் இடத்தைக் கூட வேலை பார்க்கற தேவசகாயத்துக்குக் குடுத்துட்டேன். பட்டியலையும் மூடிட்டாங்க. அவன் குதிக்கிறான் பாவம். நான் அடுத்த கப்பல்ல வந்துடறேன். ரெண்டு வருஷம்தானே... ஓடிடும்." கொஞ்சம் செருமிக்கொண்டான். "கூரையில வெயில் படறப்போ ஒரு படம் அனுப்பு."

சற்று நேரம் கழித்து இன்னொரு செய்தி வந்தது. அவளுடைய இரண்டாவது செய்தியைக் கேட்டபின் அவன் அனுப்பியது. நீளமான செய்தி. அதில் சொல் ஒன்றும் இல்லை. அவன் மூச்சு மட்டும் இருந்தது.

அளவன் ஒரு மூலையில் காலை மடக்கி நின்றது. "வேணும்னா தகட்டைக் குறைச்சுக்கலாம்மா."

"குறைச்சா அவரோட மாசம் திரும்பக் கிடைக்குமா?"

"மாசத்தைக் குடுத்துத் தகடு வாங்கலாம். தகட்டைக் குடுத்து மாசம் வாங்கற கடை எங்கேயும் இல்ல. பூமியிலேயும் கிடையாதாம்."

செண்பகா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பதினாறையும் போட்டுடு. படம் கேட்டிருக்கார்."

மறுவாரம் செம்மேட்டு நாலாம் தெருவில் மற்றெல்லாக் கூரைகளையும்விட அந்தக் கூரை பளபளத்தது. நாலு பேர் வந்தாலும் தாங்கும் காற்று கீழே. அதில் ஒருத்தி. தெரு முழுக்க அண்ணாந்து பார்த்து, கொடுத்துவைத்தவள் என்றது. பூமியிலிருந்து மழையைக் கொண்டுவர முடியவில்லை. மரத்தை, ஆற்றை, ஒரு பிடி மண்ணைக்கூடக் கொண்டுவர முடியவில்லை. பக்கத்துக் கூரையை எண்ணிப் பார்க்கிற பழக்கம் மட்டும் அத்தனை தூரமும் பத்திரமாக வந்து சேர்ந்திருந்தது.

செண்பகா படம் எடுத்துக்கொண்டிருந்தபோது ஜெசிந்தா வீட்டு வாசலில் அளவன் நின்றது.

"நீ அந்த மூச்சுக் கணக்கெல்லாம் விடு," என்றாள் ஜெசிந்தா, தாழ்ந்த குரலில். "நான் சொல்றதைக் கேளு. பதினெட்டு."

அவளுக்குப் பின்னால் லாசர் வந்து நின்றான். மனைவியின் தோளில் வைக்கப் போன கையைப் பாதியில் நிறுத்தி, பக்கத்துக் கூரையை ஒரு பார்வை பார்த்தான். கண்ணில் வெயில் கூசியது. யாரும் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. அவனாகவே மெல்ல உள்ளே போய், பரணிலிருந்த பயணப்பையை இறக்கித் தூசி தட்டத் தொடங்கினான்.