இறங்கினவன் குரல்

மத்தியானம் ரெண்டு மணிக்கு அந்தக் கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். நாலு மாடி. முழுக்க டாக்டருங்க அறைகள், மூணாவது மாடியில ஒரு ஸ்கேன் சென்டர். சாப்பாட்டு நேரங்கறதால எல்லாக் கதவும் சாத்தியிருந்துச்சு. லிஃப்ட் வாசல்ல குறுக்கே கட்டின மஞ்சள் நாடா காத்தே இல்லாம ஆடிக்கிட்டிருந்துச்சு.

எங்க மேனேஜர் எனக்கு முன்னாடியே வந்து நின்னார். அதுவே உறுத்துச்சு. இருபது வருஷத்துல அந்த மனுஷன் எந்தச் சோதனைக்கும் சொன்ன நேரத்துக்கு வந்ததில்ல. கையில ஃபைல். பேனா மூடியைக் கழட்டி வேற தயாரா வெச்சிருந்தார்.

"ஒரு தடவை மேலயும் கீழயும் ஓட்டிப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுப்பா. நாளைக்குக் காலையில லிஃப்ட் ஓடணும். பாவம், நோயாளிங்களை நாற்காலியோட தூக்கிட்டு ஏறறாங்க."

அவர் வாயில 'பாவம்'னு வந்தாலே பின்னாடி ஏதோ காரியம் இருக்குன்னு அர்த்தம்.

நான் லிஃப்ட் மெக்கானிக். மூணு மாசத்துக்கு முன்னாடி இதே லிஃப்ட் குழிக்குள்ள நசுங்கிச் செத்தது என் மாப்பிள்ளை, தங்கச்சி புருஷன். அவனும் எங்க கம்பெனிதான். அன்னிக்கு மேல மோட்டார் ரூம்ல நின்னு லிஃப்டை ஓட்டினது நான்.

எங்க வேலையில ஒரு கட்டுப்பாடு உண்டு. ஓட்டறதுக்கு முன்னாடி மேலேர்ந்து "ஆள் இருக்கா?"ன்னு கத்தணும். குழிக்குள்ள இறங்கினவன் வெளிய ஏறி வந்து, அவன் வாயாலதான் "ஆள் இல்ல"ன்னு சொல்லணும். முதலாளியே பக்கத்துல நின்னாலும் அவனுக்காகப் பதில் சொல்லக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு ஸ்பேனரைக் கையில குடுக்கறதுக்கு முன்னாடி இதைத்தான் சொல்லிக் குடுப்பாங்க.

அன்னிக்கு நான் கத்தினேன். "ஆள் இல்ல, ஓட்டு!"ன்னு பதில் வந்துச்சு.

ஓட்டினேன்.

அப்புறம் விசாரணை. மாப்பிள்ளையேதான் பதில் குடுத்தான், குடுத்துட்டு யார்கிட்டயும் சொல்லாம மறுபடி குழிக்குள்ள இறங்கிட்டான்னு மேனேஜர் எழுதினார். அதுக்குக் கீழ நானும் கையெழுத்துப் போட்டேன். அவ்வளவு ஆழத்துலேர்ந்து வந்தா எல்லாக் குரலும் ஒண்ணாத்தான் கேக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். தங்கச்சி இன்னிக்கு வரைக்கும், "எப்பவும் அவசரம் அந்த மனுஷனுக்கு. என்னைக் கொஞ்சமாவது நினைச்சாரா, அண்ணா?"ன்னு செத்தவனைத் திட்டித் திட்டி அழறா. அவன் போட்டோவைச் சுவர் பக்கமாத் திருப்பி வெச்சிருக்கா. இன்னிக்கு நான் கையெழுத்துப் போட்டா அந்த ஃபைலை மூடிடுவாங்க. காலத்துக்கும் அவன் தன் தப்பாலயே செத்தவன்னு ஆயிடும்.

படியேறி மோட்டார் ரூமுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் பழைய கிரீஸ் வாசனை. அதுக்கு அடியில ஈர இரும்பு மாதிரி இன்னொரு வாசனையும் இருந்துச்சு. கயிறு இறங்கற ஓட்டை வழியாக் கீழ பார்த்தேன். பட்டப்பகல்லயும் உள்ள ஒரே இருட்டு.

"ஆள் இருக்கா?"

கம்பிக் கயிறு லேசா அதிர்ந்துச்சு.

"இருக்கு."

எவனோ விளையாடறான்னுதான் முதல்ல தோணுச்சு. ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு, நாலு மாடியும் மூச்சு வாங்க இறங்கினேன். மேனேஜர் அதே இடத்துல நின்னுக்கிட்டிருந்தார்.

"சார், நீங்க ஏதாவது சத்தம் குடுத்தீங்களா?"

"நானா? போன்லதானே பேசிக்கிட்டிருந்தேன்."

போன் தள்ளி, வாட்ச்மேன் மேஜை மேல சார்ஜ்ல கிடந்துச்சு. வாட்ச்மேனைக் காணோம். இவரே ஆளை வெச்சு என்னை ஆழம் பார்க்கறாரா? வாயைத் திறப்பேனா மாட்டேனான்னு சோதிக்கறாரா? கீழ்க்கதவைத் திறந்து குழிக்குள்ள டார்ச் அடிச்சேன். ஸ்பிரிங், எண்ணெய்க் கறை, விரல் தடிமனுக்குத் தூசி. அந்தத் தூசியில ஒரு காலடி கூட இல்ல.

கதவைச் சாத்திட்டு மறுபடி மேல ஏறினேன். ஃபியூஸை மாட்டினேன்.

"ஆள் இருக்கா?"

"இருக்கு, மச்சான்."

கம்பெனியில என்னை மச்சான்னு கூப்பிட்டது ஒருத்தன்தான்.

அந்தக் குரல் அடங்கறதுக்குள்ள கீழேர்ந்து மேனேஜர் கத்தினார். "ஆள் இல்லப்பா! ஓட்டு!"

அதே வார்த்தை. அதே இழுவை.

விரல் பட்டன் மேல இருந்துச்சு. எடுக்கவும் முடியல, அமுக்கவும் முடியல.

"ஓட்டாத."

இந்தத் தடவை குரல் ஓட்டை வழியா வரல. என் முதுகுக்குப் பின்னாடி வந்துச்சு.

திரும்பிப் பார்க்கற தைரியம் எனக்கு இல்ல. ஃபியூஸை உருவிக்கிட்டு, சுவரைத் தடவித் தடவி வெளிய வந்து, எப்படி இறங்கினேன்னே தெரியாம கீழ வந்து நின்னேன்.

"சார், அன்னிக்கும் நீங்கதானே பதில் சொன்னீங்க?"

அவர் முகத்துல ஒண்ணும் மாறல. "காலியா இருக்குன்னு நினைச்சேன். அவன் ஸ்பிரிங்குக்குப் பின்னாடி குனிஞ்சிருந்தா எனக்கு எப்படிப்பா தெரியும்? மாடியில நோயாளிங்க காத்துக்கிட்டிருந்தாங்க."

"இப்பவும் சாத்தின கதவுக்கு முன்னாடி நின்னுக்கிட்டுத்தான் ஆள் இல்லன்னு சொல்றீங்க."

"நீதான் இப்பப் பார்த்துட்டுப் போனியே!" பேனாவை நீட்டினார். குரலைத் தாழ்த்தினார். "இதோ பாரு. அந்த ரிப்போர்ட்ல உன் கையெழுத்தும் இருக்கு. நான் மாட்டினா நீயும் சேர்ந்துதான் மாட்டுவ."

பேனாவை வாங்கினேன். 'ஓட்டத் தகுதி இல்லை. முந்தைய அறிக்கை பொய்'னு எழுதி, அதுக்குக் கீழ கையெழுத்துப் போட்டேன். அவர் படிச்சுப் பார்த்தார். என்னை ஒரு மாதிரிப் பார்த்துட்டு, ஃபைலை அக்குள்ள இடுக்கிக்கிட்டு விறுவிறுன்னு காருக்குப் போயிட்டார்.

படியில உக்காந்து தங்கச்சிக்குப் போன் போட்டேன்.

"மாப்பிள்ளை மேல ஒரு தப்பும் இல்லம்மா. ஆள் இல்லன்னு சொன்னது மேனேஜர். அவன் குழிக்குள்ள தன் வேலையைத்தான் பார்த்துக்கிட்டிருந்தான். நீ இனிமே அவனைத் திட்டாதம்மா."

அவ அழற சத்தம் ரொம்ப நேரம் கேட்டுச்சு. எனக்கும் நெஞ்சுல கிடந்த பாரம் இறங்கின மாதிரி இருந்துச்சு. அப்புறம் அவ அழுகை சட்டுன்னு நின்னுச்சு.

"அண்ணா, உன் பக்கத்துல யாரு?"

படியைப் பார்த்தேன். வாசலைப் பார்த்தேன். "யாரும் இல்லம்மா."

"இல்ல, அவர் குரல் கேக்குது."

"என்ன... என்ன சொல்றான்?"

"'மீதியையும் சொல்லு, மச்சான்'ங்கறார். என்ன மீதி, அண்ணா?"

மீதி என்னன்னு எனக்குத் தெரியும். இந்த மூணு மாசமா எல்லாக் குரலும் ஒண்ணுதான்னு எனக்கு நானே சொல்லி மூடி வெச்சிருந்த மீதி.

"அது அவன் குரல் இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும்மா. பதினோரு வருஷமாக் கேட்ட குரல், தெரியாதா? நாலு மாடி இறங்கிப் போய்ப் பார்க்கச் சோம்பேறித்தனம். மேனேஜரே சொல்லிட்டார், நமக்கென்னன்னு பட்டனை அமுக்கிட்டேன்."

தங்கச்சி என்னைத் திட்டுவான்னு எதிர்பார்த்தேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

"இப்ப அவர் ஒண்ணும் பேசல" அப்படின்னு சொன்னா, யாரோ தூரத்துச் சொந்தக்காரன்கிட்டப் பேசற மாதிரி. "ஆனா போகல. உன் காதுகிட்ட நின்னு மூச்சு விடறார்."

போனை வெச்சுட்டா.

நான் போனைக் காதுலேர்ந்து எடுத்துப் படியில வெச்சேன். மூச்சுச் சத்தம் நிக்கல.