சேசிஸுக்குக் கீழே நிழல்

எஞ்சினும் சக்கரமுமாக, பாடி இல்லாத வெறும் சேசிஸ் வந்து இறங்கியபோது உச்சிவெயில். ஜூன் மாதத்தில் அந்த நேரத்துக்கு பாலைவன ஓரத்து எங்கள் பிதியாவில் ஆடுகூடத் தெருவில் நடக்காது. என் தம்பி மத்தர் மட்டும் ரிக்கவரி லாரிக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து, கையை ஆட்டி ஆட்டி அதை என் பட்டறைக்குள் கூட்டி வந்தான். கல்யாணத்தன்றுகூட அவன் முகம் அவ்வளவு மலர்ந்து நான் பார்த்ததில்லை.

"அண்ணா, பாத்தியா? ஒரு பொட்டு துரு இல்ல. சாவியத் திருப்பினதும் எஞ்சின் பத்திக்கிச்சு."

உண்மைதான். எங்கள் வாப்பா விட்டுப்போன பிக்கப்புக்கு நேர் எதிர். வாப்பா இருபது வருஷம் கடற்கரையிலிருந்து மீன் ஏற்றியவர். வண்டியின் பச்சை பாடியைத் துடைத்துத் துடைத்துப் புதுசாக வைத்திருந்தார், மீன் தண்ணீரோ அடியில் இறங்கிச் சேசிஸைத் தின்றுவிட்டது. வாப்பாவின் பாடியைக் கழற்றி இந்தச் சேசிஸில் ஏற்றுவது, ஸ்பிரிங் பட்டையை உயர்த்தி அகலமான டயர் போடுவது, பின்னால் தண்ணீர்த் தொட்டி வைப்பது என்பது திட்டம். மணலுக்குள் இருக்கும் ஒட்டகக் கொட்டில்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற வேலை மத்தருக்குக் கிடைத்திருந்தது. அவன் மனைவி ஷம்ஸாவுக்கு ஏழு மாதம்.

"காயலான் கடைக்காரன் எதுக்குடா இத இவ்ளோ சல்லிசா குடுத்தான்?" என்றேன்.

மத்தர் தலையைச் சொறிந்தான். "உள்ள ஒருத்தன் செத்துட்டானாம். மணல்ல மாட்டி, தண்ணி இல்லாம. அதான் யாரும் தொடல." பிறகு அவசரமாகச் சொன்னான்: "செத்தது பாடிக்குள்ள, அண்ணா. பாடிய காயலான் கடையிலயே கழட்டி விட்டுட்டு வந்துட்டேன். இது வெறும் இரும்பு."

நியாயமாகத்தான் பட்டது. அப்புறம்தான் வலது பின்சக்கரத்தைப் பார்த்தேன்.

மற்ற மூன்று டயரும் ஒரே ரகம். இது மட்டும் வேறு. அதில் மண்ணைக் கவ்வும் ரப்பர் கட்டைகளில் அடுத்தடுத்து மூன்று பிய்ந்திருந்தன.

அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தேன்.

நாங்கள் மணலைப் படிக்கிறவர்கள். யார் போனார், எப்போது போனார், திரும்பினாரா என்பதெல்லாம் தடத்தில் இருக்கும். உள்ளே போன தடம் இருந்து, திரும்பிய தடம் இல்லையென்றால், பார்த்தவன் அதன் பின்னாலேயே போயாக வேண்டும். அவன் வீடு பற்றி எரிந்தாலும் போக வேண்டும்.

போன வருஷம் ஆகஸ்டில், மத்தரின் கல்யாணத்தன்று, மாப்பிள்ளை இடுப்பில் செருக வேண்டிய குறுவாளுக்கு ஸினா சந்தையில் மெருகு போட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். வழியில் மூன்று கட்டை இல்லாத ஒரு தடம் மணலுக்குள் போயிருந்தது. விளிம்பு சரிந்து, ஒரு நாள் பழசாக இருந்தது. திரும்பிய தடம் இல்லை. வண்டியை நிறுத்தி ஐந்து நிமிஷம் நின்றேன். வீட்டில் மாப்பிள்ளை காத்திருந்தான். உள்ளே போனவன் வேறு பக்கமாக வெளியேறியிருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பந்தலில் காப்பிக் கோப்பையை நீட்டி மாமா கேட்டார். "வழியில சேதி உண்டா, முசல்லம்?"

"ஒரு சேதியும் இல்ல, மாமா."

எங்களில் முதல் பதில் எப்போதும் அதுதான். வீட்டில் ஒரு மையத்து, ஒரு சாவு விழுந்திருந்தாலும் முதலில் 'ஒரு சேதியும் இல்லை'. ஒரு வாய் காப்பி குடித்த பிறகு உள்ளதைச் சொல்ல வேண்டும். நான் காப்பியைக் குடித்தேன். போதும் என்று கோப்பையை ஆட்டித் திருப்பிக் கொடுத்தேன். பாதி வழக்கத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

ஒன்பது நாள் கழித்து அந்தத் தடத்தின் வண்டியைக் கண்டுபிடித்தார்கள். ஓட்டிப் போனவன் பெயர் பக்கீத். மஹூத் ஊர்ப் பக்கத்து ஒட்டகக்காரன், தாய்க்கு ஒரே பிள்ளை. ஆறு நாள் உயிரோடு இருந்திருக்கிறான் என்று பேசிக்கொண்டார்கள். நான் தடத்தைப் பார்த்தது இரண்டாம் நாள்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் ஆட்களிடம் இதைச் சொல்லிவிட்டு ஒருவன் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

"இந்த வண்டி வேணாம்டா," என்று மட்டும் மத்தரிடம் சொன்னேன்.

"ஏன்?"

"சும்மாதான்."

"சும்மாவாம்! அடுத்த வாரம் வேலைல சேரணும். பொறக்கப் போற புள்ளைக்கு உன் 'சும்மா'வ வெச்சா பால் வாங்குறது?"

நான் வாயை மூடிக்கொண்டு ஸ்பேனரை எடுத்தேன்.

மூன்று நாள் வேலை நன்றாகவே போனது. செயின் பிளாக்கில் வாப்பாவின் பாடி தொங்கியது. பழைய பிடிப்புகளை வெட்டி, புதுசு வைத்து வெல்டிங் செய்து, ரப்பர் புஷ் போட்டு இறக்கினோம். துளைகள் ஒன்றோடொன்று பொருந்தியபோது மத்தர் என்னைக் கட்டிப்பிடித்தான். நாலாம் நாள் மதியம் அவன் சாப்பிடப் போன நேரத்தில், போல்ட்டுகளை முடுக்க நான் அடியில் படுத்து நுழைந்தேன்.

உள்ளே குளிர்ந்து கிடந்தது.

பட்டறைத் தகரக்கூரை தகித்துக்கொண்டிருந்தது. அடியில் மட்டும் கிணற்றுக்குள் இறங்கியது போல் இருந்தது. கிரீஸ் வாசனையோடு இன்னொரு வாசனையும் வந்தது. பல நாள் குளிக்காத மனிதனின் வியர்வை, காய்ந்த துணி.

இடது சட்டத்தின் உட்பக்கம் கையை விட்டுத் துழாவினேன். விரலில் ஏதோ கீறல் தட்டியது. டார்ச் அடித்துப் பார்த்தேன். சாவியால் கீறிய கோடுகள். ஆறு. ஆறாவது கோடு பாதியில் வழுக்கிக் கீழே போயிருந்தது.

அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. மணலில் மாட்டியவன் பாடிக்குள் உட்கார மாட்டான். வெயிலில் அது அடுப்பு. வண்டிக்கு அடியில் குழி பறித்துக்கொண்டு நிழலில் படுப்பான். இது எங்கள் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். பக்கீத் செத்தது பாடிக்குள் இல்லை. நாங்கள் கழற்றி எறிந்தது ஒரு பாவமும் அறியாத தகரம். அவன் ஆறு நாள் கிடந்த இடத்தைத்தான் பத்திரமாகத் தூக்கி வந்து, அதன்மேல் வாப்பாவின் பாடியை மூடி போல வைத்திருந்தோம்.

என் இடது காதருகே மூச்சு பட்டது.

வறண்ட மூச்சு.

"சேதி உண்டா?"

பழகிய நாக்கு என்னைக் கேட்காமலே பதில் சொன்னது.

"ஒரு சேதியும் இல்ல."

அதற்குப் பிறகு குரல் எதுவும் வரவில்லை. ஆனால் மூச்சு போகவில்லை. மிச்சத்தை நான் சொல்வதற்காக அது பக்கத்திலேயே காத்திருந்தது.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. நெற்றி சட்டத்தில் இடித்து ரத்தம் வழிந்தது. அடுத்து நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கே காறித் துப்பத் தோன்றுகிறது. கிரைண்டரை எடுத்து, கையை மட்டும் உள்ளே நீட்டி, அந்த ஆறு கோடுகளையும் தேய்த்தேன். மேலே கறுப்பு பெயின்ட் அடித்தேன்.

மத்தர் வந்து என் நெற்றியைப் பார்த்துச் சிரித்தான். "என்ன அண்ணா, அண்ணியோட கைவரிசையா?"

நானும் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் வண்டியை மணலில் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினான். தனியாக விட மனசு வரவில்லை, நானும் ஏறிக்கொண்டேன். வண்டி பிரமாதம். எவ்வளவு செங்குத்தான மேடானாலும் திணறாமல் ஏறியது. மத்தர் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிப் பாடினான். "வாப்பா இருந்திருந்தா இத பாத்துட்டு அழுதிருப்பாரு," என்றான். என் பயமெல்லாம் வெறும் வெயில் மயக்கமோ என்று எனக்கே தோன்றியது.

இரண்டு மேடுகளுக்கு நடுவில் ஒரு பள்ளத்தில் நிறுத்தினான்.

"என்னமோ ஒழுகுற மாதிரி சத்தம் கேக்குது. இரு, பாத்துட்டு வரேன்."

"நான் பாக்குறேன்டா."

"உக்காரு. உன் மண்டைல ஒரு வீக்கம் போதும்."

குனிந்து அடியில் போனான். செருப்பு போட்ட கால்கள் மட்டும் வெளியே நீட்டியிருந்தன. பிறகு அவையும் உள்ளே இழுபட்டன.

காற்று இல்லை. எஞ்சின் ஆறுகிற டிக் டிக் சத்தம் மட்டும்.

"வ அலைக்கும் ஸலாம்," என்றான் மத்தர், அடியிலிருந்து.

நான் ஸலாம் சொல்லவில்லை.

"மத்தர்? யார்கிட்டடா பேசுற?"

 கொஞ்சம் பொறுத்து, அவன் குரல் சாவகாசமாக வந்தது. "ஒரு சேதியும் இல்ல."

கதவைத் திறந்து குதித்தேன். "வெளிய வாடா!"

"இங்க ஜில்லுனு இருக்கு, அண்ணா. நீயும் வா."

மண்டியிட்டுப் பார்த்தேன். மத்தர் மல்லாந்து கிடந்தான். அடியில் போய் ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. உதடுகள் வெடித்து, ஓரத்தில் வெள்ளை படிந்திருந்தது. கண்கள் உள்ளே போயிருந்தன. நாக்கு தடித்து வெளியே தெரிந்தது. அவனுக்குப் பக்கத்தில் மணல் ஓர் ஆள் நீளத்துக்கு அமுங்கியிருந்தது. அங்கே யாரும் இல்லை.

யாரும் இல்லாத அந்த இடத்தை நோக்கி அவன் கை பிடிபட்டது போல் நீண்டிருந்தது.

கணுக்காலைப் பற்றி இழுத்தேன். அசையவில்லை. காலை ஊன்றி மறுபடி இழுத்தேன். இரண்டு ஆளின் கனம். அவன் மூச்சு விட்டு விட்டு வந்தது. என் தம்பி, நான் தோளில் தூக்கி வளர்த்தவன், பட்டப்பகலில் என் கண்முன் தாகத்தில் செத்துக்கொண்டிருந்தான்.

"விடு அவன!" என்று கத்தினேன். "அவனுக்கு ஒண்ணும் தெரியாது! பக்கீத், சேதி எங்கிட்டதான் இருக்கு!"

டிக் டிக் சத்தம் நின்றது.

முகத்தை மணலில் வைத்துக்கொண்டு சொன்னேன். தடத்தைப் பார்த்ததைச் சொன்னேன். அது ஒரு நாள் பழசு என்று தெரிந்ததைச் சொன்னேன். ஐந்து நிமிஷம் நின்றதை, குறுவாளை, பந்தலை, ஆட்டிக் கொடுத்த கோப்பையைச் சொன்னேன். "நீ உசுரோட இருந்த. நான் வந்திருந்தா பொழச்சிருப்ப. வரல. கோடு போட்டு வெச்சிருந்த, அதயும் அழிச்சேன். இதான் சேதி. வேற இல்ல."

பிடி விட்டது. மத்தரின் கால்களோடு நான் பின்னால் போய் விழுந்தேன்.

தண்ணீர் பாட்டிலை அவன் வாயில் சரித்தேன். இரண்டு பாட்டிலையும் காலி செய்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தான். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான் என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

"அன்னிக்கு நான் பந்தல்ல ஆடிட்டு இருந்தேன்," என்றான். "அவன் இங்க கெடந்தான்."

"மத்தர்..."

"வண்டிய எடு. அவன் வீட்டுக்குப் போ. என்கிட்ட பேசாத."

முன்னால் உட்காரவில்லை. பின்னால், திறந்த வெயிலில், தொட்டியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான்.

மஹூத் பக்கம் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பக்கீத்தின் தாய் கபீஷா ஒற்றை ஆளாக இருந்தார். எங்கள் பெண்கள் அணியும் முகமூடிக்குப் பின்னால் கண்கள் மட்டும் தெரிந்தன. பாய் விரித்து, பேரீச்சை வைத்து, காப்பி ஊற்றினார். சேதி கேட்டார். இந்த முறை எதையும் மிச்சம் வைக்காமல் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். அவர் அழவில்லை.

"அந்த வண்டியா?" என்று மட்டும் கேட்டார்.

"அடிப்பக்கம் மட்டும் அது, உம்மா."

எழுந்து வெளியே போனார். வண்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, தலையை அடியில் நுழைத்து, ரொம்ப நேரம் மெல்லப் பேசினார். சாப்பிட வராமல் அடம்பிடிக்கிற பிள்ளையைக் கூப்பிடுகிற குரல். வாசலில் நின்ற எங்களுக்கு அவருக்கு வந்த பதில் கேட்கவில்லை. நடுவில் ஒரு தடவை சிரித்தார்.

திரும்பி வந்து முழங்காலில் ஒட்டிய மணலைத் தட்டினார்.

"வீட்டுக்குள்ள வாடான்னு கூப்பிட்டேன். மாட்டேங்குறான்."

பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"அங்கயே ஆறு நாள் உன்னத்தான் எதிர்பாத்துட்டு கெடந்தானாம். இப்பதான வந்திருக்கியாம். உங்கூடவே இருந்துக்குறானாம்."

மத்தர் அங்கிருந்து வேறு வண்டி பிடித்து ஊருக்குப் போனான். அதற்குப் பிறகு என் பட்டறைக்கு அவன் வரவில்லை. பெண் குழந்தை பிறந்திருக்கிறது, நன்றாக இருக்கிறான் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். என் தம்பி உயிரோடு இருக்கிறான், அது போதும் எனக்கு.

வண்டி பட்டறைக்குப் பின்னால் மணலில் நிற்கிறது. விற்றால் வாங்கியவன் கதி என்ன? உடைக்கவும் கை வரவில்லை.

நேற்று மதியம் வெயில் தாங்கவில்லை. ஊரே தூங்கிக்கொண்டிருந்தது. நான் போய் அடியில் படுத்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பக்கத்து மணல் சரசரவென்று விலகி, எனக்கு இன்னும் கொஞ்சம் இடம் கிடைத்தது.

நன்றாகத் தூங்கினேன். சாயங்காலம் என் மனைவி முகத்துக்கு நேராக விளக்கைப் பிடித்து, "என்னங்க இது, உதடெல்லாம் இப்படி வெடிச்சிருக்கு? தண்ணியே குடிக்கிறதில்லையா?" என்று கேட்டாள்.

குடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.